தண்ணீரைச் சுற்ற வைத்த தச்சன் மகன்

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து)



ஐ.சி. இன்ஜின் பேப்பரில் ஓட்டோ வருகிறார், டீசல் வருகிறார். பென்ஸும் டெய்ம்லரும் வராத புத்தகமே கிடையாது. ஆனால் ரேடியேட்டர் படம் வரைந்து, மேல் டேங்க், கீழ் டேங்க், கோர் என்று அம்புக்குறி போட்டு, கிடைத்த மார்க்கை வாங்கிக்கொண்டு போகிற நாம், அதை உருப்படியாகச் செய்து காட்டிய மனிதர் யார் என்று கேட்டதுண்டா? வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டால் நம்மில் எத்தனை பேர் வாய் திறப்போம்?

அவர் பெயர் வில்ஹெல்ம் மேபாக். கோடிக்கணக்கில் விலை சொல்கிற ஒரு சொகுசுக் காரின் பெயராகத்தான் நமக்கு அது தெரியும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரோ பத்து வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் நின்றவர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. டிராயிங் போர்டும் பென்சிலும் ஒர்க்‌ஷாப்பும்தான் அவருடைய சொத்து. லீவில் வீட்டுக்குப் போய்ப் பழைய வண்டியின் போனட்டைத் தூக்கப் போகிற நண்பர்கள், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் இவருடைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அங்கே நாம் முதலில் கழற்றப் போவது அவருடைய கைவேலையின் வாரிசைத்தான்.

விடுதியில் கிடைத்த டிராயிங் போர்டு

ஜெர்மனியில் ஹைல்பிரான் என்கிற ஊர். 1846 பிப்ரவரி 9ஆம் தேதி ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார் மேபாக். கூடப் பிறந்த ஆண்பிள்ளைகளே நாலு பேர். பிழைப்புக்காகக் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே முதலில் தாய் போனார். 1856இல் தகப்பனும் போனார். பிள்ளைகளுக்கு ஆதரவு கேட்டுச் செய்தித்தாளில் வேண்டுகோள் வந்தது. அப்படித்தான் அந்தச் சிறுவன் ராய்ட்லிங்கன் ஊரில் குஸ்தாவ் வெர்னர் என்ற சமயத் தொண்டர் நடத்திய ஆதரவற்றோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தான்.

அந்த இல்லத்தில் சோறு மட்டும் போடவில்லை, தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். இல்லத்துக்குச் சொந்தமாகவே ஒரு இயந்திரப் பட்டறை இருந்தது. பையனுக்கு மெஷினில் நாட்டம் இருப்பதைக் கண்டுகொண்ட வெர்னர், அவனைப் பட்டறையின் டிராயிங் பிரிவில் சேர்த்துவிட்டார். பகலெல்லாம் வேலை. அதற்கு மேல் ஊர்ப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும். பத்தொன்பது வயதில் அவர் தேர்ந்த டிசைனர் ஆகிவிட்டார்.

அந்தப் பட்டறைக்கு 1863இல் மேலாளராக வந்தவர் காட்லீப் டெய்ம்லர். இவர் ஸ்டுட்கார்ட் பாலிடெக்னிக்கில் படித்தவர். (பெயர்தான் நம்முடையது மாதிரி, அந்த நாட்டில் அது உயர் தொழில்நுட்பக் கல்விக்கூடம்.) டிராயிங் போர்டில் குனிந்திருந்த இளைஞனின் திறமை டெய்ம்லருக்குப் பிடிபட்டது. அன்றைக்குப் பிடித்த கையை அவர் சாகிறவரை விடவில்லை. டெய்ம்லர் கார்ல்ஸ்ரூவுக்குப் போனார், மேபாக்கையும் கூட்டிக்கொண்டார். 1872இல் ஓட்டோவின் டாய்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். மேபாக்கும் போய்த் தலைமை டிசைனர் ஆனார். நாம் படிக்கிற நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 1876இல் அங்கேதான் பிறந்தது. அதைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்கக்கூடிய பொருளாக்கியதில் மேபாக்கின் பென்சிலுக்குப் பெரிய பங்குண்டு.

தோட்டத்து வீட்டில் போலீஸ்!

ஓட்டோவுக்கும் டெய்ம்லருக்கும் ஒத்துவரவில்லை. 1882இல் இருவரும் வெளியேறி, ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட்டுக்கு வந்தார்கள். டெய்ம்லர் வாங்கிய பங்களாவின் பின்னால் செடி வளர்க்கிற கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. அதையே பட்டறை ஆக்கினார்கள். கம்பெனி இல்லை, போர்டு இல்லை; வீட்டுக் கொல்லையில்தான் எல்லாம்.

ராத்திரி பகலாக உள்ளே தட்டுகிற சத்தம். தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலாளி கள்ளநோட்டு, கள்ளநாணயம் ஏதோ அடிக்கிறார் என்று போலீஸில் சொல்லிவிட்டார். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போலீஸ் உள்ளே புகுந்து தேடியது. கிடைத்தது என்ன? இன்ஜின்கள்தான்!

அந்த இன்ஜின்கள் சும்மா இல்லை. அதுவரை கேஸ் இன்ஜின் என்றால் நிமிடத்துக்கு நூற்றைம்பது, இருநூறு சுற்று. இவர்கள் அதை 600க்கும் மேலே கொண்டுபோனார்கள். எடையும் குறைந்தது. வண்டியில் ஏற்றி ஓட்டுகிற அளவுக்குச் சின்ன இன்ஜின் உலகத்துக்குக் கிடைத்தது. 1885இல் அதை மரச்சட்டத்தில் பொருத்தி இரண்டு சக்கர வண்டி செய்தார்கள். டெய்ம்லரின் மகன் பவுல் ஓட்டிப் போனபோது, அடியில் இருந்த சூட்டுக்குழாய் பற்றவைப்பினால் சீட்டே தீப்பிடித்தது என்று சொல்வார்கள்.

சிரிப்பதற்கு மட்டுமல்ல இந்தச் செய்தி. சுற்று ஏற ஏற, சூடும் ஏறும். சக்தியைக் கூட்டுவது ஒரு வேலை. கூடவே வருகிற சூட்டை வெளியேற்றுவது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பற்றி எல்லாரும் யோசித்தார்கள். இரண்டாவது வேலையைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டவர் மேபாக்.

சூடு எங்கே போகும்?

தெர்மல் லேபில் நாம் போடுகிற ஹீட் பேலன்ஸ் ஷீட்டை நினைத்துப் பாருங்கள். எரிகிற பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உருப்படியான வேலையாகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணிதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்ட தண்ணி அதைக் காற்றிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் கொதிக்கும். கொதித்தால் ஆயில் தாங்காது, ஹெட் வளையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், இன்ஜின் காலி.

ஆரம்ப காலத்து வண்டிகளில் தண்ணி ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். ஊற்றிக்கொண்டே போக வேண்டும். 1888இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தன் இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை காரில் போன புகழ்பெற்ற பயணத்தில், வழியெல்லாம் தண்ணி தேடித்தான் போக வேண்டியிருந்தது.

மேபாக் இதற்கு ஒவ்வொரு படியாக விடை தேடினார். 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போன எஃகுச் சக்கர வண்டியைப் பாருங்கள். அதன் சட்டம் முழுக்க இரும்புக் குழாய். சட்டம்தானே என்று விடாமல், அந்தக் குழாய்களுக்குள்ளேயே குளிர்விக்கிற தண்ணியை ஓடவிட்டார்! வண்டியைத் தாங்குகிற சட்டமே ரேடியேட்டர். ஆனால் இரும்புக் குழாயின் வெளிப்பரப்பு எவ்வளவு இருந்துவிடும்? ஒன்றரை குதிரைசக்திக்கு அது போதும். அதற்கு மேலே?

கம்பெனி கைவிட்டது, வீடு கைகொடுத்தது

1890இல் டெய்ம்லர் மோட்டார் கம்பெனி தொடங்கியது. பணம் போட்டவர்கள் வந்தார்கள். அதிகாரமும் அவர்கள் கைக்குப் போனது. இத்தனை வருஷம் உழைத்த மேபாக்குக்கு அவர்கள் கொடுக்க வந்த ஒப்பந்தம் மரியாதையாக இல்லை. 1891 பிப்ரவரியில் வெளியே வந்துவிட்டார்.

இன்னொருவராக இருந்தால் ஒடிந்து போயிருப்பார். மேபாக் தன் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்தார். டெய்ம்லர் பணம் கொடுத்தார். 1892இல் ஹெர்மன் என்கிற பழைய ஓட்டலின் நடனக்கூடத்தை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை போட்டார்கள். பெட்ரோலைத் துளையில் பீய்ச்சிக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டர் 1893இல் அங்கிருந்துதான் வந்தது. நம் ஊரில் நேற்றுவரை ஓடிய பைக்குகளில் நாம் கழற்றி ஊதிச் சுத்தம் பண்ணினோமே மெயின் ஜெட், அதற்கு மூலம் அதுதான்.

கம்பெனியின் கதி? இவர்கள் இல்லாமல் தடுமாறியது. டெய்ம்லர் திரும்பி வந்தால்தான் லைசென்ஸ் வாங்குவேன் என்று ஆங்கிலேயத் தொழிலதிபர் ஃபிரெடெரிக் சிம்ஸ் நிபந்தனை போட்டார். 1895இல் இருவரையும் திரும்ப அழைத்தார்கள். வாசல் வழியாக வெளியே போன டிசைனர், டெக்னிக்கல் டைரக்டராக உள்ளே வந்தார்.

எட்டாயிரத்து எழுபது குழாய்கள்

திரும்பி வந்தவர் விட்ட இடத்தில் தொடங்கினார். 1897இல் குழாய் ரேடியேட்டர். ஒரு தண்ணீர் டேங்கின் குறுக்கே ஏராளமான சிறு குழாய்கள். குழாய்க்குள் காற்று, வெளியே தண்ணி. கணக்கு எளிது. அதே அளவு தண்ணியை நிறையச் சின்ன இடுக்குகளாகப் பிரித்தால், காற்றோடு தொடுகிற பரப்பு பல மடங்காகும்.

அதற்குள் எமில் யெல்லினெக் என்ற ஆஸ்திரிய வியாபாரி, நீஸ் நகரத்துப் பணக்காரர்களுக்கு டெய்ம்லர் கார் விற்றுக்கொண்டு, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று நச்சரித்துக் கொண்டிருந்தார். 1900 மார்ச் மாதம் இரண்டு இடி விழுந்தது. 6ஆம் தேதி டெய்ம்லர் காலமானார். அதே மாதக் கடைசியில் நீஸ் மலைப்பாதைப் போட்டியில், உயரமும் கனமுமான டெய்ம்லர் கார் மோதி ஓட்டுநர் வில்ஹெல்ம் பாவர் உயிரிழந்தார். இனி இந்தச் சாதியே வேண்டாம், பந்தயத்தை விட்டுவிடலாம் என்று கம்பெனியில் பேச்சு.

யெல்லினெக் வேறு மாதிரி கேட்டார். தாழ்வாக, நீளமாக, எடை குறைவாக, ஆனால் சக்தி கூடுதலாக ஒரு கார் வேண்டும். மகள் மெர்சிடஸின் பெயரை அதற்கு வைக்க வேண்டும். 35 குதிரைசக்தி இன்ஜின் போடலாம். அதைக் குளிர வைக்கப் பழைய முறையில் போனால், தண்ணியும் டேங்கும் சுமந்தே வண்டி தொய்ந்துவிடும். சூட்டை ஜெயிக்காமல் எடையை ஜெயிக்க முடியாது.

மேபாக்கின் விடைதான் தேன்கூட்டு ரேடியேட்டர். ஆறு மில்லிமீட்டர் சதுரத் துளையுள்ள குட்டைக் குழாய்கள், மொத்தம் 8,070! அத்தனையையும் அடுக்கி ஈயம் வைத்து ஒன்றாக்கி, வண்டியின் நெற்றியில் நிறுத்தினார். குழாய்களுக்கு நடுவே நூலிழை இடுக்கில் தண்ணி; குழாய்க்குள் எதிர்க்காற்று. மெதுவாகப் போகும்போது காற்று பற்றாதே? பின்னால் ஒரு ஃபேன். முந்தைய வண்டிக்கு வேண்டியதில் பாதியாக, வெறும் ஒன்பது லிட்டர் தண்ணியில் 35 குதிரைசக்தி அடங்கிவிட்டது.

1900 டிசம்பர் 22ஆம் தேதி முதல் கார் யெல்லினெக்குக்குப் போனது. 1901 மார்ச் மாத நீஸ் போட்டிகளில் அது மற்றக் கார்களைத் தூக்கிச் சாப்பிட்டது. சென்ற வருஷம் ஓர் உயிரைக் குடித்த அதே மலைப்பாதையில் சராசரி 51 கிலோமீட்டர் வேகம்! பிரெஞ்சுக்காரர்கள் மேபாக்குக்கு டிசைனர்களின் ராஜா என்று பட்டமே கொடுத்தார்கள். காருக்கு முகம் என்று ஒன்று வந்ததும் அன்றைக்குத்தான். முன்னால் ரேடியேட்டர், பின்னால் ஃபேன், அதற்குப் பின்னால் இன்ஜின் என்கிற வரிசைதான் அம்பாஸிடர்வரைக்கும் வந்தது.

இனி நம் வீட்டுக் கொட்டகைக்கு வருவோம்

நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நிற்கிற பழைய அம்பாஸிடரை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறினால் கொதிக்கிறது என்கிறார்கள். மேபாக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் வழி தானாகப் புரியும். சூடு இன்ஜினிலிருந்து தண்ணிக்கு, தண்ணியிலிருந்து காற்றுக்குப் போகிறது. எந்த இடத்தில் அது மாட்டிக்கொண்டது என்பதுதான் கேள்வி.

முதல் விதி: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே! அந்த மூடி வெறும் மூடி இல்லை, பிரஷர் வால்வு. நம் வீட்டு குக்கர் மாதிரி அழுத்தம் கொடுத்துத் தண்ணியின் கொதிநிலையை நூறு டிகிரிக்கு மேலே தள்ளுகிறது. திறந்தால் அழுத்தம் போய், அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறவிட்டு, மணிக்கணக்கானாலும் பொறுத்துத் திறக்க வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். பல நேரம் இருப்பதிலேயே விலை குறைந்த பார்ட்தான் வில்லன்.

கீழே டிரெய்ன் டேப்பைத் திறந்து தண்ணியை வாளியில் பிடியுங்கள். துரு நிறமாக வந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றி, ஓடுகிற திசைக்கு எதிராகத் தண்ணி பீய்ச்சினால் படிந்த சேறு வெளியே வரும். அடைப்பு கல்லாகிவிட்டால் அது வீட்டு வேலை இல்லை. ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து, கம்பி விட்டு, மறுபடி ஈயம் வைப்பார்கள். இன்னொரு விஷயம், வைவாவுக்கு உதவும்: மேபாக்கின் தேன்கூட்டில் குழாய்க்குள் காற்று. நம் ரேடியேட்டரில் குழாய்க்குள் தண்ணி, வெளியே ஃபின்னில் காற்று. இடம் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை. ஆகவே ஃபின்னில் அடைத்த பூச்சியும் சேறும் கூட உள்ளடைப்புக்குச் சமம்.

ஹோஸ் இரண்டையும் அமுக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினாலும், வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். மேல் ஹோஸ் போனால் கீழ் ஹோஸுக்கும் வயதாகிவிட்டது என்று அர்த்தம், சேர்த்தே மாற்றுங்கள். கீழ் ஹோஸில் உள்ளே ஸ்பிரிங் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பம்ப் இழுக்கிற இழுப்பில் ஹோஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது.

தெர்மோஸ்டாட்! நம் ஊரில் கொதிக்கிறது என்றாலே இதைப் பிடுங்கி எறிகிற பழக்கம் இருக்கிறது. தப்பு நண்பர்களே. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், போர் சீக்கிரம் தேயும். எறிவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தண்ணி வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கிற டிகிரிக்குக் கிட்டத்தில் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் மாற்றுங்கள். போடும்போது ஸ்பிரிங்கும் மெழுகுக் குமிழும் இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டி, புதுசு போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள்.

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது என்று பம்ப்பே நமக்குச் சொல்கிறது. துளையை அடைக்கிற புத்திசாலித்தனம் வேண்டாம். தண்ணி பேரிங்குக்குள் போய்விடும். ஃபேனைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப்பை மாற்றும் நேரம். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல இறங்கலாம். அதற்கு மேல் தளர்ந்தால் ஃபேனும் பம்ப்பும் வழுக்கும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும்.

கடைசியில் ஊற்றுகிற தண்ணி. போர் தண்ணி வேண்டவே வேண்டாம்; அதன் உப்பு பொருக்காகப் படிந்து சூட்டை மறிக்கும். டிஸ்டில்ட் வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்து உள்ளிருக்கும் காற்று வெளியேறி மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய பின் மறுபடி மட்டம் பாருங்கள். வடித்த பழைய கூலண்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம்! நாயும் குழந்தையும் வாய் வைத்துவிடும்.

எழுபது வயதில் டாக்டர்

டெய்ம்லர் போன பிறகு கம்பெனியில் மேபாக்கின் கை தாழ்ந்தது. பெருமை காருக்குப் போனது. காருக்கு வைத்த பெயர் வேறொருவர் மகளுடையது. ஒதுக்கப்பட்டவர் 1907இல் விலகினார். அறுபத்தோரு வயது. ஓய்வெடுக்கலாம் என்று யார்தான் சொல்லமாட்டார்கள்? அவரோ மகன் கார்லுடன் சேர்ந்து 1909இல் செப்பெலின் ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் செய்யும் கம்பெனியைத் தொடங்க வைத்தார். மேபாக் என்ற கார் பிறகு அங்கிருந்து கார்லின் கையால் வந்தது.

1916இல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எந்தக் கல்லூரி தெரிகிறதா? டெய்ம்லர் படித்த அதே பாலிடெக்னிக்தான் வளர்ந்து அப்படி ஆகியிருந்தது. மாணவனாக உள்ளே போகாத இடத்துக்கு, எழுபதாவது வயதில் டாக்டராகப் போனார். 1929 டிசம்பர் 29ஆம் தேதி காலமானார். கான்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில் டெய்ம்லருக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

நண்பர்களே, டிப்ளமோதானே என்று நம்மை இளப்பமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் நாமே நம்மை அப்படிப் பார்க்கிறோம். இன்ஜினின் வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதை உருகாமல் காப்பாற்றுகிற தண்ணியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மேபாக்கின் வாழ்க்கையும் அந்தத் தண்ணி மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. அது நின்றிருந்தால் மற்றவர்களின் பெயரும் எரிந்து போயிருக்கும்.

பேர் வருகிறபோது வரட்டும். கையில் இருக்கிற நட்டை இன்றைக்கு ஒழுங்காக இறுக்குவோம்!